பத்து வருஷம் உழைக்கும் கணினி

இன்டெல் நிறுவனத்தின் ஐ5-7500 பிராசசர் 2017 பொங்கலுக்குச் சில நாள் முன்பு வெளியானது. ஐ5-8400 அதே வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வெளியானது. முன்னது ஏழாம் ஜெனரேஷன், பின்னது எட்டாம் ஜெனரேஷன். இடைவெளி ஒன்பதே மாதம். பிள்ளைகள் பாடம் பார்க்க, கணக்கு எழுத, மின் கட்டணம் கட்ட இன்றைக்கும் இரண்டுமே தாராளமாகப் போதும். ஆனால் இன்டெல் பிராசசர்களில், பெரும்பாலும் எட்டாம் ஜெனரேஷனையும் அதற்கு மேற்பட்டவற்றையும்தான் விண்டோஸ் 11-க்கு உகந்தவை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு. ஆக, பொங்கலுக்கு வந்த பிராசசர் வெளியே, தீபாவளிக்கு வந்தது உள்ளே. பழுதே இல்லாத பெட்டிகள் இப்படித்தான் ஒதுங்கிப் போயின.

டெஸ்க்டாப்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்ட வாசகர்களுக்கு இந்த வாரம். கையில் இருப்பது அளவான பணம், வாங்கும் பெட்டி குறைந்தது எட்டுப் பத்து வருஷம் உழைக்க வேண்டும். இதற்குக் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு வேகம்?’ என்பதல்ல. வேகம் பற்றாமல் மூலையில் போடப்பட்ட வீட்டுக் கணினிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. மென்பொருள் கைவிட்டதால், மின்சாரம் சுட்டுவிட்டதால், அல்லது ஒரு சிறிய பாகம் கிடைக்காததால் போனவைதான் அதிகம். பணத்தைப் பிரிக்கும்போது இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். பிறகு மாற்ற முடியாததில் இன்றைக்குச் செலவு செய்யுங்கள். பிறகு எளிதாகக் கூட்டிக்கொள்ளக்கூடியதில் இன்றைக்குச் சிக்கனம் பிடியுங்கள்.

பிராசசரிலிருந்து தொடங்குவோம். சென்னை ரிச்சி தெருவிலும் சரி, உங்கள் ஊர்க் கடையிலும் சரி, “ஐ7 இருக்கு சார், விலை ரொம்பக் கம்மி” என்றுதான் பேச்சு தொடங்கும். “எந்த ஜெனரேஷன்?” என்று உடனே கேளுங்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரு தலைமுறைக்குள் இருக்கும் படிநிலைகள் மட்டுமே. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும். ஐ7-2600 என்றால் இரண்டாம் ஜெனரேஷன், 2011-ஆம் ஆண்டுச் சரக்கு. ஐ3-8100 எட்டாம் ஜெனரேஷன். ஐ5-12400 பன்னிரண்டாம் ஜெனரேஷன். வீட்டு வேலைகளில் 2011-இன் ஐ7-க்கு அந்த எட்டாம் ஜெனரேஷன் ஐ3 சளைக்காமல் ஈடுகொடுக்கும், மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் வீட்டுக்கு வேண்டாம். அதில் கிராஃபிக்ஸ் சேர்ந்து வராது. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். அந்தக் கார்டு தனி வெப்பம், தனி ஃபேன், பழுதாக இன்னொரு இடம். வீட்டில் கேம் விளையாடும் பிள்ளை இருந்தால் கணக்கு வேறு, அதற்குத் தனி அத்தியாயம் உண்டு.

புதிதாக அசெம்பிள் செய்கிறவர்கள் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும். பிராசசர் உட்காரும் இடம் அது. ஏஎம்டி நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2024-இலும் புது பிராசசர்கள் வந்தன. 2017-இல் வாங்கிய பல மதர்போர்டுகளில் பயாஸ் என்ற தொடக்க மென்பொருளை மட்டும் புதுப்பித்து, ஐந்தாறு வருஷம் பிந்திய பிராசசரைப் பொருத்த முடிந்தது. அடுத்து 2022-இல் வந்த ஏஎம்5-க்கு 2027 வரைக்கும் அதற்கு மேலும் ஆதரவு உண்டு என்று அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. இன்டெல் இந்த விஷயத்தில் தாராளம் காட்டுவதில்லை. பன்னிரண்டு முதல் பதினான்காம் ஜெனரேஷன் வரை ஒரு சாக்கெட், 2024 அக்டோபரில் வேறொன்று. ஆனாலும் என் எண்ணம் இதுதான்: சாதாரண வீட்டில் பிராசசரை மாற்றுகிறவர்கள் மிகக் குறைவு. ரேம் கூட்டுவார்கள், டிஸ்க் மாற்றுவார்கள், அதோடு சரி. அதைவிடக் கவனிக்க வேண்டியது வீடியோ. பதினொன்றாம் ஜெனரேஷனிலிருந்து இன்டெல் கிராஃபிக்ஸிலேயே ஏவி1 முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. யூடியூப் அந்த முறைக்கு மாறிக்கொண்டு வருகிறது. பத்து வருஷத்தை மனதில் வைத்துப் புதிதாக வாங்குகிறவருக்கு சாக்கெட்டைவிட இது பெரிய லாபம்.

ரேம் இப்போது கவலைக்குரிய இடத்தில் இருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு ‘குருஷியல்’ என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. 16 ஜிபி இருந்தால் நிம்மதி. பணம் இடிக்கிறதென்றால் 8 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போட்டு, பக்கத்து ஸ்லாட்டைக் காலியாக வையுங்கள். நாலு நாலாக இரண்டு போட்டு, இருக்கும் இரண்டு ஸ்லாட்டையும் அடைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னால் கூட்டும்போது இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிது வாங்க வேண்டியிருக்கும்.

டிஸ்க்கில் யோசனையே வேண்டாம், எஸ்எஸ்டிதான். “எஸ்எஸ்டி தேய்ந்து போகுமாமே?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. முன்னணி நிறுவனங்களின் 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 20 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 15,000 நாள், அதாவது 41 வருஷம் ஆகும். தேய்மானத்துக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் எஸ்எஸ்டி போகும்போது முன்னறிவிப்பு இல்லாமல் ஒரேயடியாகப் போய்விடக்கூடும். அதனால் குடும்பப் படங்களுக்கு வெளியே ஒரு பிரதி அவசியம்.

எல்லாரும் கோட்டை விடும் இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகம். ‘கேபினெட்டோடு சேர்ந்தே வரும்’ என்று கடையில் சொல்வார்கள். பல சமயம் அது வெறும் ஸ்டிக்கர் 450 வாட்ஸ். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், எடையே இருக்காது. உள்ளே இருக்க வேண்டிய காயில்களும் ஃபில்டர்களும் பாதுகாப்புச் சுற்றுகளும் விடுபட்டிருக்கும். நம் ஊரில் மின்னழுத்தம் மாலையில் இறங்கும், மழை நாளில் குதிக்கும். தரமான எஸ்எம்பிஎஸ் கெட்டால் அது மட்டும் நின்றுபோகும். மட்டமானது போகும்போது மதர்போர்டையும் கூட அழைத்துக்கொண்டு போகும். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரையுள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 450 வாட்ஸ் ஒன்றைத் தனியாக, பில்லோடு வாங்குங்கள். உங்கள் கணினி உண்மையில் நூறு வாட்ஸைத் தாண்டுவதே அரிது. வாட்ஸைக் கூட்டுவதில் பயனில்லை, தரத்தைக் கூட்டுவதில்தான் பயன்.

இதோடு சேர்ந்தது வெப்பம். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற கெபாசிட்டர்கள் உப்பி வெடித்து, உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்களின் கணினிகளே கூட்டம் கூட்டமாகச் செத்தன. இன்றைய மதர்போர்டுகளில் திட கெபாசிட்டர்கள் வந்துவிட்டன. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இன்னும் பழைய வகை உண்டு. வேலூர் வெயிலிலோ மதுரை வெயிலிலோ, மேசையின் மூடிய அறைக்குள் பெட்டியைத் திணித்து வைத்தால் அதன் ஆயுளை நாமே குறைக்கிறோம். தரையிலிருந்து அரையடி உயர்த்தி, பின்பக்கம் காற்று போக இடம் விடுங்கள். வருஷம் ஒருமுறை தூசி எடுங்கள்.

இப்போது பணக் கணக்கு. புதிதுக்குப் பணம் போதாதவர்களுக்கு என் பரிந்துரை, அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராண்டட் டெஸ்க்டாப். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலிட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வரிசைகள் அலுவலகத்துக்கென்றே கட்டப்பட்டவை. குளிர்சாதன அறையில், யூபிஎஸ் பாதுகாப்பில் சில வருஷம் ஓடி, குத்தகை முடிந்ததும் மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன. ஒரே மாதிரியாக ஏராளமாகச் செய்யப்பட்டதால் உதிரி பாகமும் கிடைக்கும். குறை ஒன்று உண்டு. இவற்றில் பல மாடல்களின் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். கடையில் கிடைக்கும் பொதுவான எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. ஒல்லியான பெட்டி பார்க்க அழகுதான், ஆனாலும் கூடிய மட்டும் டவர் மாடலை எடுங்கள். எட்டாம் ஜெனரேஷனுக்குக் கீழே விலை எவ்வளவு குறைத்தாலும் தொடாதீர்கள். பத்தாம் ஜெனரேஷன் கிடைத்தால் இன்னும் நல்லது.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பெட்டியின் சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது தொடங்கியது என்று தெரியும். அதை வைத்து வயதைக் கணக்கிட்டுவிடலாம். பயாஸுக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய அலுவலகத்தின் பூட்டு அப்படியே இருந்தால் நாளைக்கு உங்களுக்குத்தான் தலைவலி. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைச் சதவீதத்தில் காட்டும். விண்டோஸ் முறையான உரிமத்தோடு இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். இந்த நிறுவனங்களின் பெட்டிகளில் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அப்படியிருக்க, திருட்டு ஆக்டிவேட்டர் போட்டுத் தரும் கடையை நம்பாதீர்கள். அந்த வழியாகத்தான் வைரஸும் வருகிறது.

ஏற்கெனவே ஏழாம் ஜெனரேஷனோ அதற்கும் முந்தையதோ வீட்டில் இருக்கிறதா? எடைக்குப் போடாதீர்கள். ஒரு எஸ்எஸ்டி மாற்றி லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டால் போதும். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. தமிழில் தட்டச்சு, பிரவுசர், வீடியோ, எக்செல் போன்ற கணக்குத்தாள், எல்லாம் அதில் காசில்லாமல் நடக்கும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் என்றால் இந்த வழி ஒத்துவராது. உங்கள் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்றும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எர்த். இதில் பணச் செலவு மிகக் குறைவு, ஆனால் உயிர்ச் சங்கதி. கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று குறுகுறுக்கிறது என்று பலர் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாக மிகச் சிறிய கசிவு மின்சாரம் பெட்டிக்கு வருவது இயல்பு. அதை மண்ணுக்கு இறக்கிவிடத்தான் எர்த் கம்பி. எர்த் இல்லாத வீட்டில் பெட்டி நூறு வோல்டுக்கு மேல் மிதந்துகொண்டிருக்கும். எர்த் இல்லையென்றால் எவ்வளவு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் யூபிஎஸ்ஸும் முழுப் பாதுகாப்புத் தராது. உள்ளே பெரிய கோளாறு வந்தால் தொடுகிற குழந்தைக்கு ஆபத்து. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. பெட்டி வீட்டுக்கு வரும் முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பாயிண்டையாவது சோதிக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்த வாரம்: கண்ணைக் கெடுக்காத மானிட்டர்.

(தொடரும்)