அடுப்படி வாசலில் ஓர் இலை

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் பாட்டி ஆடி அமாவாசைக்கு இரண்டு இலை போடுவார். சாமி படத்துக்கு முன்னால் ஒன்று. அடுப்படி வாசலில் இன்னொன்று. அதில் சோறு, வாழைக்காய்ப் பொரியல், ஒரு சுருட்டு. “யாருக்குப் பாட்டி?” என்றால், “பெரியவருக்கு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்துத் தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார்.

பாட்டி இறந்த பிறகுதான் அம்மா சொன்னார். பெரியவர் பாட்டியின் முதல் புருஷன். 1943இல் சயாமுக்குப் போனவர்.

சிரம்பான், போர்ட்டிக்சன், தம்பின், பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இப்படி எத்தனையோ வீடுகள். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் தேடினார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்றார்கள். பிறகு லாரியில் பிடித்து ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. கெமாஸிலிருந்து கிளந்தானுக்குப் போகும் பாதையின் தண்டவாளங்களைக்கூடப் பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள்.

தாய்லாந்தின் (அன்றைய சயாம்) காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேருக்குக் கல்லறை உண்டு. நம்மவர்கள் கும்பல் கும்பலாகப் புதைக்கப்பட்டார்கள். செத்த நாள் தெரியாததால் திதியும் இல்லை. சாவுச் செய்தியே வராத பெண் தாலியை என்ன செய்வாள்? கழற்றினால் அவரைக் கொன்ற மாதிரி. கழற்றாவிட்டால் கைப்பிள்ளைக்குக் கஞ்சி ஊற்ற வேறு துணை இல்லை. பாட்டி மூன்று வருடம் காத்திருந்து, தோட்டத்துக் கோயிலில் சத்தமில்லாமல் இன்னொரு தாலி கட்டிக்கொண்டார். பழையதை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்.

அந்தக் கைப்பிள்ளைதான் என் பெரியம்மா. தன்னைப் பெற்றவர் வேறொருவர் என்பது அவருக்குத் தெரிந்தபோது வயது அறுபது. அழவில்லை. “அப்பா என்னை ஒரு நாளும் கைநீட்டி அடிச்சதில்ல. இப்பத்தான் புரியுது” என்றார். அந்த வருடத்திலிருந்து அடுப்படி வாசல் இலையை அவர்தான் போடுகிறார்.

என் அம்மா பிறந்தது 1949இல். ஜப்பான்காரனை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ராத்திரியில் லாரிச் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். வெளியூர் கிளம்பினால், “எந்த வண்டி? எப்ப திரும்புவ?” என்று மூன்று தடவை கேட்பார். பாட்டி வாய்விட்டுச் சொல்லாததை அம்மாவின் உடம்பு கேட்டு வைத்திருக்கிறது.

சயாம் போய் மீண்ட ஆண்களின் கதையை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக்கினார்கள். லயத்தில் தங்கிவிட்ட பெண்களின் போரை நாம் போதுமான அளவு கேட்கவே இல்லை. மானம் போய்விடும் என்று அவர்கள் மறைத்தார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிள்ளையைப் பிழைக்க வைத்தார்கள்.

காஞ்சனபுரியில் மலேசியத் தமிழர்கள் இப்போது நடுகல் நாட்டியிருக்கிறார்கள். பெயர்கள்தாம் நம் வீடுகளுக்குள் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய அம்மாயியோ பெரியம்மாவோ இருந்தால், அடுத்த ஆடி அமாவாசை வரை காத்திருக்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், விட்டுப்போன பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு எழுதி வையுங்கள்.