கண்ணாடி கலந்தால் நீளும் செராமிக்

செராமிக் பொருள்கள் உடையுமே தவிர வளையா. உலோகத்தில் அணு அடுக்குகள் எளிதில் வழுக்கும். செராமிக்கின் இறுகிய வேதிப்பிணைப்புகள் அதற்கு இடம் தருவதில்லை. ஆனால் படிகத் துகள்கள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவையாக இருந்து, வெப்பமும் மிகுந்தால் நிலைமை மாறுகிறது. 1986இல் ஜப்பானின் நகோயாவில் ஃபுமிஹிரோ வகாயும் உடன் ஆய்வாளர்களும் இட்ரியா என்ற ஆக்சைடு கலந்த சிர்கோனியா செராமிக்கை 1450 டிகிரி செல்சியஸில் இழுத்தனர். அது ஒடியாமல் இரு மடங்குக்கு மேல் நீண்டது. இத்தன்மைக்கு சூப்பர்பிளாஸ்டிசிட்டி என்று பெயர்.

நெல் மூட்டையை வளைக்கும்போது மணிகள் உருமாறுவதில்லை. ஒன்றையொன்று உரசி இடம் மாறிக்கொள்கின்றன. செராமிக்கின் துகள்களும் அப்படித்தான் நகர்கின்றன. நகரும்போது மூலைகள் முட்டும், இடைவெளி விழும். அவற்றைச் சரிசெய்ய அணுக்கள் துகளின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டும். துகள் சிறுத்தால் இந்தப் பயணத் தூரம் குறையும். துகளின் அளவு பாதியானால், நீளும் வேகம் சுமார் 4 முதல் 8 மடங்கு கூடும்.

கண்ணாடியின் வேலை இங்கேதான். சூட்டில் இளகும் கண்ணாடி, அழுத்தம் மிகுந்த முகங்களிலிருந்து அணுக்களைக் கரைத்து, அழுத்தம் குறைந்த முகங்களில் படியவிடுகிறது. சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக்கில் இந்தக் கண்ணாடி துகள்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள படலமாக இருக்கும். சிர்கோனியாவில் பெரும்பாலும் மூன்று துகள்கள் கூடும் மூலைகளில் தேங்கி, அங்கே குவியும் அழுத்தத்தைத் தணிக்கும். எடையில் 5 சதவீதம், கண்ணாடியாகும் சிலிக்கா சேர்த்த சிர்கோனியா, 1400 டிகிரியில் தன் நீளத்தைப் போல் 11 மடங்குக்கு மேல் நீண்டதை 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

நீட்சிக்கும் எல்லை உண்டு. அதே சூட்டில் துகள்கள் மெல்ல வளர்ந்து பருத்தால் நகர்வு மந்தமாகும். இடைவெளிகள் நிரம்பாமல் நின்றால் அவையே துளைகளாகி, துளைகள் இணைந்து பொருள் பிளக்கும்.

வடிவமைக்கும்போது கைகொடுக்கும் கண்ணாடி, பயன்பாட்டில் பகையாகும். சிலிக்கான் நைட்ரைடைச் சூளையில் இறுகச் செய்ய இட்ரியா, மெக்னீசியா, அலுமினா போன்ற ஆக்சைடுகள் சேர்க்கப்படுகின்றன. அவை தூளின் மேற்பரப்பிலுள்ள சிலிக்காவுடன் சேர்ந்து உருகி, ஆறியதும் கண்ணாடியாகத் தங்கிவிடுகின்றன. அந்தப் பாகம் பின்னர் எரிவாயு டர்பைனின் வெப்பத்தில் சுமை தாங்கும்போது, கண்ணாடி இளகி, பாகம் சிறுகச் சிறுக உருக்குலையும். பொறியாளர்கள் இதை க்ரீப் என்பார்கள். இதைத் தடுக்க, தயாரித்த பாகத்தை மறுபடி சூடாக்கி அந்தக் கண்ணாடியைப் படிகமாக்குகிறார்கள். அல்லது இளகுவதற்கு அதிக வெப்பம் கேட்கும் கண்ணாடியைத் தரும் அருமண் ஆக்சைடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.