பல்கலைக்கழக வளாகமும் சுற்றுச்சூழல் பொறுப்பும்

பல்கலைக்கழக வளாகம் ஒரு சிற்றூரை ஒத்தது. வகுப்பறைகள், ஆய்வுக்கூடங்கள், விடுதிகள், உணவுக்கூடங்கள், குடியிருப்புகள் எனப் பலவும் அதில் அடங்கும். நாள்தோறும் அங்கு நீர் இறைக்கப்படுகிறது; மின்சாரம் செலவாகிறது; கழிவு சேருகிறது. மின்கட்டணத்தை ஒரு பிரிவும், குழாய்களை மற்றொரு பிரிவும், குப்பையை ஒப்பந்தக்காரரும் கவனிக்கும் நிலையில், அனைத்தையும் ஒருங்கே நோக்க வேண்டிய பொறுப்பு துணைவேந்தரையும் ஆட்சிக்குழுவையுமே சாரும்.

கொள்கையின் வளர்ச்சி

1972-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாடு சுற்றுச்சூழலை உலகின் பொதுப் பிரச்சினையாக்கியது. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் நெறியாகவும் (48-அ பிரிவு) குடிமக்களின் கடமையாகவும் (51-அ பிரிவு) வகுத்தது. 1990-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் ழான் மேயரின் அழைப்பின் பேரில், 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் பிரான்சு நாட்டின் தல்வார் நகரில் கூடிப் பத்து அம்சப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர். பாடத்தில் கற்பிப்பதை வளாக நிர்வாகத்திலும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறுகளுள் ஒன்று. 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியை வலியுறுத்தியது. பின்னர் இளநிலைப் பட்டப் படிப்புகளில் அது கட்டாயப் பாடமாயிற்று.

ஆகவே, கொள்கைக்குக் குறைவில்லை. கொள்கை எவ்வாறு நிர்வாக நடைமுறையாகிறது என்பதே கேள்வி.

பதவிக்காலமும் பயன்காலமும்

துணைவேந்தரின் பதவிக்காலம் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே. நட்ட மரம் நிழல் தரவும், மழைநீர்ச் சேகரிப்பால் நிலத்தடி நீர் உயரவும் அதனினும் கூடுதலான காலம் தேவைப்படலாம். ஒருவர் ஆர்வத்துடன் தொடங்கிய பணி, அடுத்தவர் வந்ததும் கைவிடப்படக் கூடும். எனவே விழா மேடையில் எடுக்கும் உறுதிமொழி போதாது. ஆட்சிக்குழுவின் தீர்மானம், அதற்குரிய நிதி ஒதுக்கீடு, பொறுப்பேற்கும் அலுவலர், முடிக்க வேண்டிய காலவரையறை ஆகிய நான்கும் அமைந்தால்தான் அம்முடிவு தனிமனிதரைக் கடந்து நிலைக்கும்.

செலவு ஓரிடம், சேமிப்பு வேறிடம்

இதில் பொருளாதாரச் சிக்கல் ஒன்றும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 75 வாட் மின்விசிறி ஒன்று நாளொன்றுக்கு 10 மணி வீதம் ஆண்டில் 200 நாட்கள் ஓடினால் 150 யூனிட் செலவாகும். 30 வாட் விசிறிக்கு 60 யூனிட் போதும். 2,000 விசிறிகள் உள்ள வளாகத்தில் ஆண்டுச் சேமிப்பு 1,80,000 யூனிட். ஒரு யூனிட் விலை 8 ரூபாய் எனவும், சிக்கன விசிறியின் கூடுதல் விலை 1,500 ரூபாய் எனவும் கொண்டால், கூடுதல் செலவு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஈடாகிவிடும்.

ஆயினும், விலையை மட்டும் பார்த்துக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்கும் வழக்கம் சாதாரண விசிறியையே தேர்ந்தெடுக்கும். வாங்கும் செலவு ஒரு கணக்குத் தலைப்பிலும், மின்கட்டணம் வேறொரு தலைப்பிலும் வருகின்றன. சிக்கனம் செய்த துறைக்குப் பயன் ஏதும் கிட்டுவதில்லை. மாறாக, மிச்சமான தொகை அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் குறைக்கப்படும் அச்சமும் உண்டு. இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. ஒன்று, ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிடுகையில் விலையுடன் பொருளின் ஆயுட்கால மின்செலவையும் கணக்கிடுவது. மற்றொன்று, சேமித்த தொகையில் ஒரு பகுதியைச் சுழல்நிதியாக்கி, மேலும் சிக்கனப் பணிகளுக்குக் கடனாக அளிப்பது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இத்தகைய நிதியை நடத்தியுள்ளது. இவ்விரண்டும் நிதிக்குழுவின் ஒப்புதலின்றி இயலா. எனவேதான் தலைமையின் பங்கு இன்றியமையாததாகிறது.

அளவீடும் அறிக்கையும்

வளாகம் முழுமைக்கும் ஒரே மின்மானி இருப்பின், எந்தக் கட்டடத்தில் விரயம் நிகழ்கிறது என்பதை அறிய வழியில்லை. கட்டடத்திற்கு ஒரு மின்மானி, நீர்த்தொட்டிக்கு ஓர் அளவுமானி, விடுதிதோறும் கழிவின் எடைப் பதிவேடு என்பவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. திடக்கழிவு மேலாண்மை குறித்த 2016-ஆம் ஆண்டு விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோகிராமுக்கு மேல் கழிவு உண்டாக்கும் பல்கலைக்கழகங்களையும் பெரும் கழிவு உற்பத்தியாளர் என வரையறுத்தன. எடையே போடாத நிறுவனம் தன் கடமையின் அளவை எங்ஙனம் அறியும்?

தர மதிப்பீட்டுக் குழு வருகை தரும் ஆண்டில் மட்டும் தணிக்கை நடத்துவதும், அறிக்கையைக் கோப்பில் உறங்க விடுவதும் பயனற்றவை. மத்தியப் பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைகள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகின்றன. அவற்றில் மாணவர் எண்ணிக்கை, தேர்ச்சி விகிதம் ஆகியவற்றுடன் மின்சாரம், நீர், கழிவு பற்றிய ஆண்டுவாரிப் புள்ளிவிவரங்களும் இடம்பெற்றால், அடுத்து வரும் துணைவேந்தரும் அக்கணக்கிற்கு விடை கூற வேண்டியவராவார்.

சுற்றுச்சூழல் பாடத்தில் தேர்வெழுதி வெளிவரும் மாணவர், விடுதியில் ஓயாது ஒழுகும் குழாயைக் காண்பாராயின், அப்பாடத்தை வெறும் மதிப்பெண்ணுக்குரியதாகவே கொள்வார். அக்குழாய் உடனே செப்பனிடப்படுவதையும், அதனால் மிச்சமான நீரின் அளவு அறிவிப்புப் பலகையில் எழுதப்படுவதையும் கண்டால், பின்னாளில் அலுவலராகவோ ஆசிரியராகவோ பொறுப்பேற்கும் இடத்திலும் அவர் அவ்வாறே செயல்படுவார். வளாகச் சிக்கனம் நாட்டிற்கு அளிக்கும் பெரும் பயன் இதுவே ஆகும்.