முதல் அடிக்கு முந்தின இருபது நிமிடம்

மட்டக்களப்பில் கோல்ப் மைதானம் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் பதினெட்டுக் குழியும் ஆட விரும்பினால் திருகோணமலைச் சீனக்குடாவுக்குத்தான் போகிறார்கள். அங்கே விமானப்படை நடத்துகிற ஈகிள்ஸ் கோல்ப் லிங்ஸ் இருக்கிறது, பொதுமக்களும் ஆடலாம். ஏ15 வீதியில் வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர் என்று போய், கிண்ணியாப் பாலத்தைக் கடந்தால் திருகோணமலை நகரத்துக்கு முன்பே சீனக்குடா வந்துவிடும். 2009இல் அந்தப் பாலம் திறக்கும் வரைக்கும் கிண்ணியாவில் பாதைப் படகுக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. இப்போது ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்தில் போய் இறங்கலாம்.

என் கவலை அந்த மூன்று மணித்தியாலத்தைப் பற்றியது. நான் இயன்மருத்துவர். கல்லடியில் வீடு. ஒவ்வொரு வருடமும் ஆடி மாதம் மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு வெளிநாட்டிலிருந்து சனம் ஊருக்கு வரும்போது, கோயில் வரிசையில் நின்று கால் வீங்கியவர்களோடு, நாரியைப் பிடித்துக்கொண்டு சில கோல்ப்காரரும் வந்து சேர்வார்கள். கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். இருட்டோடு வெளிக்கிட்டது, வாகனத்தில் சாய்ந்து இருந்தது, இறங்கியதும் பையைத் திறந்து டிரைவர் என்கிற கிளப்பை எடுத்தது, இரண்டு தரம் காற்றில் வீசியது, மூன்றாவது வீச்சில் பந்தை அடித்தது. அன்று பின்னேரம் திரும்பி வரும்போதே பிடிப்புத் தொடங்கியிருக்கும்.

என் அத்தான் ஸ்காபரோவில் இருக்கிறார். கனடாவில் பனி உருகி மைதானங்கள் திறக்கிற ஏப்ரலில், கையுறைக்குள் விரல் விறைக்கிற குளிரில், ஆடுவதற்கு முன் கால் மணித்தியாலம் உடம்பை ஆயத்தப்படுத்தாமல் அவர் பந்தைத் தொடுவதில்லை. ஊருக்கு வந்தால் அதை அப்படியே விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

"இந்த வெக்கைக்குள்ள இன்னும் என்னத்த மச்சாள் சூடாக்கிற? சும்மா நிக்கவே வேர்த்துக் கொட்டுது."

"வேர்க்கிறது தோல், அத்தான். கிறுக வேண்டியது இடுப்பும் நெஞ்சும்."

அவர் மட்டுமல்ல, எங்கள் கரையில் விளையாடுகிற அநேகம் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். பாடசாலைக் கிரிக்கெட் பயிற்சியில்கூட இதைக் கேட்டிருக்கிறேன். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலை எட்டு மணிக்கே மணல் சுடும். உடம்பு ஏற்கெனவே சூடாகத்தானே இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வெயில் முதலில் சூடாக்குவது தோலை. உடம்பு அந்தச் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு இரத்தத்தைக் கூடுதலாக அனுப்பும், வியர்க்கும். ஆழத்தில் இருக்கிற பெரிய தசைகள் சூடாக வேண்டுமென்றால் அவை வேலை செய்ய வேண்டும். தசை எரிக்கிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் அசைவாகிறது. மிச்சம் முழுவதும் வெப்பமாகத் தசைக்குள்ளேயே பிறக்கிறது. ஐந்து நிமிடம் சுறுசுறுப்பாக நடந்தாலே தசையின் வெப்பநிலை ஏறத் தொடங்கிவிடும். பத்து, இருபது நிமிடத்தில் ஒரு மட்டத்துக்கு வந்து நிற்கும். அப்போது தசை இலகுவாகச் சுருங்கி விரியும், நரம்பின் கட்டளை விரைவாகப் போய்ச் சேரும், இரத்தம் கொண்டுவருகிற ஒட்சிசனும் தசைக்குள் கூடுதலாக இறங்கும். எங்கள் காலநிலையில் இதற்குக் குறைந்த நேரம் போதும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூட்டின் அசைவு வெயிலால் வராது. எந்தத் தசை முதலில், எந்தத் தசை அடுத்து என்ற ஒழுங்கும் வெயிலால் வராது.

கோல்ப்புக்கு இந்த ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அறிவதில்லை. நின்ற இடத்தில் நின்று ஒரு சிறிய பந்தைத் தட்டுகிற விளையாட்டு, பணக்காரர் நடைபயிற்சி என்றெல்லாம் சொல்வார்கள். ஆனால் மேலே தூக்கிய கிளப் கீழே வந்து பந்தில் படுவதற்கு எடுக்கும் நேரம் கால் செக்கன் அளவுதான். சாதாரண ஆட்டக்காரர் டிரைவரை வீசும்போதே கிளப்பின் தலை மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தை எட்டும். தொழில்முறை ஆண் ஆட்டக்காரர் 180ஐத் தாண்டுவார். அந்தக் கணத்தில் நாரிப் பகுதி முள்ளந்தண்டில் விழுகிற அழுத்தம் உடல் நிறையின் எட்டு மடங்கு வரை போகும் என்று அளந்திருக்கிறார்கள். கோல்ப்காரருக்கு வருகிற காயங்களில் நாரி முன்னுக்கு நிற்பதற்கு இதுதான் காரணம். அதற்கு அடுத்து மணிக்கட்டும் முழங்கையும்.

கிளப்பைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது தோள்கள் தொண்ணூறு பாகை அளவுக்குத் திரும்புகின்றன. ஆனால் நாரியின் ஐந்து எலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கம் திரும்பக்கூடியது பத்துப் பாகை அளவுதான். அவை குனியவும் நிமிரவும் அமைந்தவை. மிச்சத் திருப்பத்தை மேலே நெஞ்சு முள்ளந்தண்டும் கீழே இடுப்பு மூட்டுகளும் தர வேண்டும். மூன்று மணித்தியாலம் வாகனத்தில் மடங்கி இருந்தவருக்கு இந்த இரண்டு இடமும்தான் முதலில் இறுகும். அதோடு, கூனி இருக்கும்போது முள்ளந்தண்டின் பின்புறத்தில் எலும்புகளைக் கட்டி நிற்கிற நார்கள் மெல்ல மெல்ல இழுபட்டுத் தளர்ந்துவிடும். எழும்பியதும் உடனே பழைய நிலைக்கு வராது. மேலும் கீழும் இறுகி, நடுவில் தளர்ந்து நிற்கிற அந்த நேரத்தில் டிரைவரை எடுத்து வீசினால், இல்லாத திருப்பத்தை நாரியிடம்தான் உடம்பு கேட்கும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். அவர்களில் பலர் புலம்பெயர்ந்த நாட்டில் தொழிற்சாலைப் பெட்டி தூக்கியும், டாக்சி ஓட்டியும் உழைத்தவர்கள். நெஞ்சுப் பகுதி இறுக்கம் அவர்களுக்கு ஆட வருவதற்கு முன்பே இருக்கிறது.

இப்படி உடம்பைத் திருப்பி வீசுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வாவியில் வீச்சுவலை எறிகிறவர்கள். வலையை முழங்கையிலும் தோளிலும் மடித்துப் போட்டு, ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்து, இடுப்பைத் திருப்பி விடும்போது பாருங்கள்: பாதம் ஊன்றுகிறது, இடுப்பு முந்துகிறது, நெஞ்சு பின்தொடர்கிறது, கை கடைசியில் வருகிறது. நல்ல கோல்ப் ஸ்விங்கின் ஒழுங்கும் இதுவேதான். அவர்கள் எறிய முன்னம் முழங்கால் தண்ணீரில் நெடுந்தூரம் நடந்திருப்பார்கள், வலையை உதறி அடுக்கியிருப்பார்கள், முதல் எறிவைக் கிட்டத்தான் போடுவார்கள். அவர்களும் என்னிடம் வருகிறார்கள். ஆனால் தோள்மூட்டுக்காக, பல வருட வீச்சுக்குப் பிறகு. அன்றைய முதல் எறிவில் நாரி பிடித்து வந்தவர் ஒருவரையும் எனக்கு நினைவில்லை.

அவுஸ்திரேலியாவில் அன்ட்ரியா ஃபிராட்கினும் அவரோடு சேர்ந்தவர்களும் 1,040 கோல்ப்காரர்களை அவர்கள் ஆடத் தொடங்குமுன் கவனித்து, 2001இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஏதோ ஒரு வகையில் உடலை ஆயத்தப்படுத்தியவர்கள் 54.3 வீதம். பாதிக்கு மேல் என்று மகிழ முடியாது. பெரும்பாலானோர் செய்தது டீயில், அதாவது முதல் அடி அடிக்கிற இடத்தில், நின்று காற்றில் கிளப்பை வீசியது. என்னிடம் வருகிறவர்கள் சொல்கிற அதே இரண்டு வீச்சு. அந்த வீச்சு கெட்டதல்ல, ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. அதே குழுவினர் பிறகு ஒரு சிறிய சோதனை செய்தார்கள். ஒழுங்கான ஆயத்தப் பயிற்சியைச் சில வாரம் தொடர்ந்து செய்தவர்களின் கிளப் வேகம் தெளிவாகக் கூடியது. நாரிநோவு என்றால் காதில் விழுத்தாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: பந்து தூரம் போகும். உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி, என்ன செய்வது? அத்தானுக்கு நான் சொல்லிக்கொடுத்ததையே சொல்கிறேன். வாகனத்தால் இறங்கியதும் பையைத் தொட வேண்டாம். நிமிர்ந்து, கையை வீசி, ஐந்து நிமிடம் நடவுங்கள், முடிந்தால் நிழலில். பிறகு ஒரு கிளப்பை ஊன்றிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முன்னும் பின்னும், அடுத்துப் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். பத்துப் பத்துத் தரம், இரண்டு காலும். இது இடுப்பு மூட்டைத் திறக்கும். அடுத்து கிளப்பைத் தோளுக்குக் குறுக்கே வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, அடி முதுகை அசைக்காமல் நெஞ்சை மட்டும் இடமும் வலமும் திருப்புங்கள். முதலில் சிறிதாக, வரவரப் பெரிதாக. மூச்சை அடக்க வேண்டாம். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் நாரியைக் காப்பாற்றுகிற அசைவு இதுதான். தோளை வட்டமாகச் சுற்றுங்கள், மணிக்கட்டை மடித்து நீட்டுங்கள். இரண்டு அயன்களைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக ஊஞ்சல்போல ஆட்டுங்கள். வலக்கை ஆட்டக்காரர் இடக்கைப் பக்கமாகவும் சில தரம் வீச வேண்டும். ஒரே பக்கம் திரும்பித் திரும்பி வளர்ந்த உடம்புக்கு அது மிகவும் உதவும்.

பந்து அடிக்க இடம் இருந்தால் வெட்ஜில் தொடங்குங்கள், அதுவும் அரை வீச்சு. பிறகு நடுத்தர அயன், கடைசியில் நாலைந்து தரம் டிரைவர். இருபது பந்துக்கு மேல் வேண்டாம். எங்கள் வெயிலில் களைப்பை ஆட்டத்துக்கு முன்பே வாங்கிக்கொள்ளக் கூடாது. தண்ணீர் குடியுங்கள். எல்லாம் முடிந்து டீக்குப் போக நெடுநேரம் காத்திருந்தால் ஏறிய சூடு இறங்கிவிடும். அழைக்கும் வரை நடந்துகொண்டும் வீசிக்கொண்டும் இருங்கள். போட்டி நாளென்றால் விதி ஒன்றையும் மறக்க வேண்டாம்: அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் சுற்றுத் தொடங்குமுன் மைதானத்துக்குள் பயிற்சி செய்ய அனுமதி இல்லை. பயிற்சி இடங்களிலும் முதல் டீயின் அருகிலும் பட்டிங், சிப்பிங் செய்யலாம். உடலசைவுக்குத் தடை எதுவும் இல்லை. ஐந்து நிமிடத்துக்குள் பிந்தினால் இரண்டு அடி தண்டம், அதற்கு மேல் பிந்தினால் போட்டியிலிருந்து நீக்கம். ஆகவே அரை மணித்தியாலம் முந்திப் போய் இறங்குகிற மாதிரி வெளிக்கிடுங்கள்.

குனிந்து பெருவிரலைத் தொட்டு ஒரு நிமிடம் இழுத்து வைக்கிற பழைய பழக்கத்தை மட்டும் ஆட்டத்துக்கு முன் விட்டுவிடுங்கள். அசையாமல் நீண்ட நேரம் இழுத்து வைத்தால் தசையின் விசை சிறிது நேரத்துக்குக் குறையும். அப்படி இழுத்த பிறகு டிரைவரை அடித்தவர்களின் கிளப் வேகமும் பந்து போன தூரமும் குறைந்ததை அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அந்த இழுவைகள் ஆட்டம் முடிந்த பிறகு நல்லவை.

அத்தானைப் போன்றவர்களுக்கு நான் காட்டுகிற ஆள் ஸ்பெயினின் தொழில்முறை ஆட்டக்காரர் மிகேல் ஆங்ஹெல் ஹிமேனெஸ். வாயில் சுருட்டை வைத்துக்கொண்டு முழங்காலை வட்டமாகச் சுற்றி, இடுப்பைச் சுழற்றி அவர் செய்கிற ஆயத்தத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் என்று ஒரு மூட்டையும் விடாமல் போகிறார். 2014இல் ஐம்பது வயதில் ஸ்பானிய ஓப்பனை வென்று, ஐரோப்பியச் சுற்றில் மிகக் கூடிய வயதில் வென்றவரானார். சுருட்டு வேண்டாம், மற்ற எல்லாவற்றையும் அவரிடம் படிக்கலாம்.

அத்தான் எனக்குத் திருப்பிக் காட்டியது இன்னொரு தொழில்முறை ஆட்டக்காரர் ரொறி மக்கில்ரோயை. 2012 ரைடர் கிண்ணக் கோல்ப் போட்டியின் கடைசி நாள், சிக்காகோவுக்குப் பக்கத்தில் மெடினா. நேர வலயத்தைக் குழப்பிக்கொண்டு, பொலிஸ் வாகனத்தில் ஏறி, தன் நேரத்துக்குப் பத்து நிமிடம் மட்டில் இருக்கும்போது வந்து சேர்ந்தார். சில பட்டிங் மட்டும் செய்துவிட்டு இறங்கி, எதிராளி கீகன் பிராட்லியை வென்றார். உண்மைதான். ஆனால் அவருக்கு அப்போது வயது 23, முந்தின இரண்டு நாளும் அதே மைதானத்தில் ஆடியவர், அன்று காலை மூன்று மணித்தியாலம் ஏ15 வீதியில் குந்தியிருந்தவரும் அல்ல.

அத்தான் இந்த ஆடியில் நான் சொன்னபடி செய்தார். வாகரையில் ஒரு தரம் இறங்கி நடந்தார். சீனக்குடாவில் கிளப்பைத் தோளில் வைத்துத் திரும்பினார். பிடிப்பு வரவில்லை. ஒருவருடைய ஒரு நாளை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை, ஆனால் எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். இதெல்லாம் இறுக்கத்துக்கான வழி. நோவு நாரியிலிருந்து பிட்டத்தால் இறங்கிக் காலுக்குப் போனால், பாதம் விறைத்தால், இருமும்போது மின்னல்போல இழுத்தால், சூடாக்கிச் சரிப்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். பையைத் திறக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போனாலோ சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். திருகோணமலையில் நின்றால் திருகோணமலையில் காட்டுங்கள். மட்டக்களப்புக்கு வந்து பார்ப்போம் என்று மூன்று மணித்தியாலம் திரும்ப ஓட வேண்டாம்.