வாவிக்கரையில் ஒரு நாள்

திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர்களுக்குத் தனியே சென்று, நாள் முழுதும் அமைதியாக உலாவி மீள்வதை மேனாட்டார் பேரின்பமாகக் கருதுவர். இலங்கையில் அத்தகைய உலாவுக்கு உகந்த ஊர் யாதென வினவின், மட்டக்களப்பைத் தயங்காது சுட்டலாம். ஆங்குத் திராட்சை இல்லை. எருமைத் தயிரும் தேனும் உண்டு. ‘மீன்பாடும் தேன்நாடு’ என்பது அதன் சிறப்புப் பெயர். எனினும், பயணிகளிற் பலர் பாசிக்குடாக் கடலாட விரைகின்றனரேயன்றி, நகரில் ஒரு பொழுதேனும் தங்குவதில்லை.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்த நிலம் படுவான்கரை. ஞாயிறு எழுவதும் படுவதும் கொண்டு கரைகளுக்குப் பெயரிட்டனர் அந்நாட்டு மக்கள். தனியே வரும் பயணிக்கு இப்பெயர்களே வழிகாட்டி: காலையைக் கடலருகிலும் மாலையை வாவியருகிலும் கழித்தல் வேண்டும்.

விடியலில் பாலமீன்மடுவுக்குச் செல்லலாம். ஆங்கு 1913இல் எழுந்த வெளிச்சவீடு நிற்கின்றது. அருகே முகத்துவாரம், வாவி கடலொடு கலக்குமிடம் அதுவே. கோடையில் மணல்மேடு வாயை அடைப்பதும், மாரி வெள்ளத்தில் அது திறப்பதும் வழக்கம். நன்னீரும் உப்புநீரும் கலத்தலே இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் வளத்துக்குக் காரணமாம். நகருக்கு மீளும் வழியில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலைக் காணலாம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மக்கள் திரளும் தலம் அது; ஏனைய நாள்களில் குளக்கரை அமைதியாயிருக்கும்.

நகரின் நடுவிடம் புளியந்தீவு. ஆங்குப் போர்த்துக்கேயர் 1628இல் அமைத்த கோட்டையை, கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் வசமான முதற் கோட்டை இதுவே. அண்மையிலுள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வரலாறு 1814இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு வந்து பள்ளி தொடங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் மறு ஆண்டே மறைந்தார். அவர் நட்ட வித்தோ மரமாயிற்று. நண்பகலில் சோறும் மீன்குழம்பும் உண்டு, ஈற்றில் சட்டித் தயிரில் தேன் வார்த்து உண்ணுதல் அவ்வூர்ச் சுவை.

வெயில் தணிந்தபின் கல்லடிப் பாலத்தைக் கால்நடையாகக் கடக்கலாம். பிரித்தானியர் காலத்துப் பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013இல் திறக்கப்பெற்ற புதிய பாலம் நிற்கின்றது. அக்கரையில், சிவானந்த வித்தியாலயச் சூழலில், சுவாமி விபுலாநந்தரின் சமாதி உளது. மறைந்துபோன பண்டைய யாழின் இசையை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ இயற்றிய அவ்வறிஞர், அந்நூல் அரங்கேறிய சில வாரங்களில், 1947 ஜூலையில் மறைந்தார். சற்றுத் தொலைவில் கடல். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அக்கரையில் நிற்பவர் சிறிது நேரம் பேசாதிருத்தல் தகும்.

இரவில் கேட்டற்குரியது வாவியின் இசை. நிலவு நிறைந்து, காற்று அடங்கிய இரவில், நீருக்குள்ளிருந்து மெல்லிய நாதம் எழுவதாகத் தலைமுறை தலைமுறையாகக் கூறி வருகின்றனர். 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி இதனைக் கேட்டு எழுதிவைத்தார். மீனின் ஒலி என்பர் சிலர்; ‘ஊரி’ எனும் சிப்பியின் ஒலி என்பர் வேறு சிலர். நீரிலெழும் ஒலி காற்றுக்குள் எளிதிற் புகாது; பெரும்பகுதி நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடும். ஆதலின், தோணிக்காரர் துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறு நுனியில் செவி வைப்பர். மரம் ஒலியைத் தாங்கி வருகின்றது.

கூட்டமாய்ச் செல்வோருக்கு இவ்விசை எளிதில் வாய்ப்பதில்லை. தம் பேச்சொலியே அதனை மறைத்துவிடும். பாலத்து வண்டிகளின் ஓசையும் இடையூறே. வாவி தூய்மை குன்றுமாயின், அதன் உயிர்களும் குறையும், பாட்டும் அடங்கும். ஆதலின் மட்டக்களப்புக்குச் செல்ல எண்ணும் நேயர்கள் ஒரு முழுநாளை அதற்கென ஒதுக்குக. கூடுமாயின் தனியே செல்லுக. வாவிக்கரையில் குப்பை எதுவும் விடாது மீளுக.