யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

எனக்கு ஊர் முசரவாக்கம். தறிச் சத்தம் கேட்டே வளர்ந்தவன். 2017-ல் கல்யாணக் கூறைப் புடவை எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் காஞ்சிபுரம் வந்தது. "வந்து சேர ரெண்டு நாள் ஆச்சுது தம்பி" என்றார் அந்த அம்மா. "அவ்வளவு தூரமா?" என்றேன். "தூரமில்லை, சுத்து!" என்றார். அந்தச் சுற்றைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதலில் தூரம். திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் அட்சரேகையில் வித்தியாசம் 0.97 டிகிரி, தீர்க்கரேகையில் 1.36 டிகிரி. ஒரு டிகிரி சுமார் 111 கி.மீ. ஆக, வடக்கு தெற்காக 108 கி.மீ. கிழக்கு மேற்கை மட்டும் காஸ் 10 டிகிரியால் பெருக்க வேண்டும், 149 கி.மீ. வரும். அப்புறம் நம்ம பித்தாகரஸ்தான்! விடை 184 கி.மீ. திருச்சியிலிருந்து சென்னைக்கே ரோட்டில் சுமார் 330 கி.மீ. ஆகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து நேரம். இந்த வழியில் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம். சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதை போதும் என்பதால் சின்ன விமான நிலையங்களுக்கு ஏற்றது. உச்ச வேகம் மணிக்கு சுமார் 510 கி.மீ. வகுத்தால் 22 நிமிடம். ஆனால் பயண நேரம் என்று போடுவதோ ஏறக்குறைய ஒரு மணி. மீதியை யார் தின்றது?

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டை விட்டு பஸ் வெளியே வரவே பத்து நிமிஷம் ஆகுதே, அதே கதைதான். நிற்குமிடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதைக்குப் போக வேண்டும். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. காற்றின் திசை பார்த்து, வளைந்து வந்துதான் இறங்க முடியும். விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து மறுபடி வந்து நிற்கும் வரை உள்ள நேரம்தான் 'பிளாக் டைம்'. டிக்கெட்டில் அச்சாவது அதுவே. தூரம் குறையக் குறைய இந்த மாறாத செலவின் பங்கு கூடும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கி.மீ.தான், குட்டி விமானம் உயரே ஏறாமலே இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது!

இப்போது அந்த அம்மா சொன்ன சுற்றுக்கு வருவோம். 1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பு ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பிறகு போர், பலாலி ராணுவத் தளமானது. யாழ்ப்பாணத்துக்காரர் திருச்சிக்கு வர, முதலில் தெற்கே கொழும்புக்கு சுமார் 400 கி.மீ. ரோட்டில் போக வேண்டும். அங்கிருந்து விமானத்தில் மறுபடி வடக்கே சுமார் 415 கி.மீ. 184-க்குப் பதில் 815! நாலு மடங்குக்கும் மேலே.

2019 அக்டோபர் 17-ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. திருச்சிச் சேவை 2025 மார்ச் 30-ல் ஆரம்பமானது.

வேகம், காற்று, ஓடுபாதை எல்லாம் நம் பாடப் புத்தகத்தில் உண்டு. நாலு மடங்கு சுற்றுக்கு மட்டும் அதில் சூத்திரம் இல்லை. அது மனிதர் போட்ட தூரம். மனிதர் நினைத்தால்தான் அதைக் குறைக்கவும் முடியும். அடுத்த கூறைப் புடவைக்கு அந்த வீட்டார் வரும்போது, ரெண்டு நாள் ஆகாது!

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், முசரவாக்கம்