நர்சிங் படிப்புக்கு உதவித்தொகை: எந்த மாநிலத்தின் கதவைத் தட்டுவது?

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்தது குடிபாலா. ஆந்திரத்தைச் சேர்ந்த மண்டலம் எனினும், வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சித்தூர் வளாகமும் இம்மண்டலத்தில்தான் இருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் காலத்தில், 1909-இல் வேலூரில் தொடங்கிய செவிலியர் பயிற்சி, 1946-இல் பட்டப்படிப்பாக வளர்ந்தது. ஆகவே பி.எஸ்சி. நர்சிங் இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. நான்கு ஆண்டுப் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதே பல வீடுகளில் எழும் கேள்வி.

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு உதவித்தொகை தாய்மொழியைப் பார்த்து வருவதில்லை. மாநிலத்தைப் பார்த்து வருகிறது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தோரும் சேர்க்கப்பட்டனர். குடிபாலாவில் படித்த தமிழ்ப் பெண் இதற்குள் வரமாட்டாள். அவள் நாட வேண்டியது ஆந்திர அரசின் கட்டண ஈட்டுத் திட்டத்தை. அதற்கும் வருமான வரம்பு உண்டு. அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்கவும் வேண்டும். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கிவிட்டுப் பிறகு உதவி கேட்டால் பயனில்லை.

பட்டியல் வகுப்பு மாணவருக்கான மத்திய உதவித்தொகை சற்று வேறானது. வேறு மாநிலத்தில் படித்தாலும், குடும்பம் எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அந்த மாநிலமே வழங்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். நம்மைப்போல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் சொந்த ஊர்ச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருப்பது இதனால்தான் அவசியம்.

எல்லை பாராமல் கிடைப்பது வங்கிக் கல்விக் கடன். 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது பொது விதி. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம் வாங்கி, வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும்போது தனிவட்டியே 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியும் உரிய அங்கீகாரம் பெற்றிருந்தால், அந்தக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. கடன் வாங்கும் நாளிலேயே வருமானச் சான்றிதழைக் கொடுத்து இதைக் கேட்டுப் பெற வேண்டும். உடல்நலக் காரணமின்றிப் படிப்பை நடுவில் விட்டால் இச்சலுகை கிடைக்காது.

திருச்சபை போன்ற அமைப்புகள் பரிந்துரைத்து அனுப்பும் வழியும் சி.எம்.சி.யில் உண்டு. அவ்வாறு படித்தவர், பரிந்துரைத்த அமைப்பின் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும். இதுவும் ஒருவகைக் கடன்தான்; உழைப்பால் தீர்ப்பது. எனவே ஒப்பந்தத்தைப் படித்தபின் கையெழுத்திடுக.

முன்பணம் கட்டுமுன் கல்லூரியில் நான்கு கேள்விகள் கேளுங்கள். மாநில செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா? இந்த இடம் அரசு ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா? விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம் சேர்த்து நான்காண்டுச் செலவு எவ்வளவு? அரசுப் பணம் வரத் தாமதமானால் யார் கட்டுவது? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்குமுன் நகல்கள் எடுத்து வையுங்கள். வங்கியும் அரசு அலுவலகமும் அவற்றையே கேட்கும்.

கல்லூரியைத் தேர்ந்தபின் உதவியைத் தேடுவது நம் வழக்கம். உதவி எங்கே கிடைக்கும் என்று அறிந்தபின் கல்லூரியைத் தேர்ந்தால், பணமில்லாமல் பாதியில் திரும்பி வரும் நிலை நம் பெண்களுக்கு நேராது.